உன் சித்தப்பாவைத் தூங்கவிடாதவள்

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கனடாவிலிருந்து பேசும்போது, கல்யாணத்தில் உன் அப்பா இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் மணவறையில் உட்காரட்டும் என்றாய். முடியாது என்றேன். அவன் அங்கே உட்கார்ந்தால் நான் மண்டபத்து வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அதற்கு நீ, "அம்மா, சித்தப்பா அன்னைக்குத் தூங்கினது தப்புத்தான். நானே அவரை மன்னிச்சுட்டேன். உங்களால முடியாதா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நான்கு நாட்களாக அந்தப் பதிலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து வரப்போகும் பெண்ணுக்கும் இதைப் படிக்கக் கொடு. எந்த வீட்டுக்கு வருகிறோம், எப்பேர்ப்பட்ட மாமியாரிடம் வருகிறோம் என்று அவளுக்கும் தெரியட்டும்.

உன் சித்தப்பாவை 'அவன்' என்றுதான் எழுதுவேன். நான் கல்யாணமாகி இந்தக் கோழிப்பண்ணைக்கு வந்தபோது முருகேசன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதுபோல என்னை 'நங்கையா' என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குக் கல்யாணமானதும் உன் அப்பா களத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே அவனுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது அடி. பின்னால் கோழிக் கொட்டகைகள், அதையொட்டித் தீவனம் அரைக்கும் அறை. அண்ணன் பண்ணையைப் பார்ப்பார், தம்பி வண்டியில் முட்டை கொண்டுபோவான். சேலம் கடைகளுக்கும் ஏற்காட்டு ஓட்டல்களுக்கும் அவன்தான் போடுவான். அண்ணன் தம்பிச் சண்டை என்று ஒன்றை இந்த வீடு பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அவனை வெறுப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கொரோனா இரண்டாம் அலையில் உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். நாமக்கல்லில் படுக்கை இல்லை. சேலத்தில் மூன்று ஆஸ்பத்திரி வாசல்களில் அவரை வண்டியிலேயே படுக்க வைத்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது இடத்தில் ஒரு டாக்டர் வெளியே வந்து, "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. ஆக்ஸிஜன் வச்சுப் பாருங்க. இங்க வராண்டாவுலயும் எடமில்லை" என்றார். அவர் கண்களும் தூங்கிப் பல நாள் ஆனவர் கண்களாகத்தான் இருந்தன. முருகேசன் எங்கெங்கோ அலைந்து எட்டுச் சின்ன சிலிண்டர்களைப் பிடித்து வந்தான். ஒன்று ஐந்து மணி நேரம் வரும். மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியதும் குழாயை அடுத்ததற்கு மாற்ற வேண்டும். காலியானவற்றை அவன் முட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போய், வரிசையில் நின்று நிரப்பி வருவான். வேலையாட்கள் பயந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தை இருக்கிறதே என்று சித்தியை அவள் தாய்வீட்டுக்கு நானே அனுப்பி வைத்தேன். உனக்கு விமானம் கிடைக்கவில்லை. மிஞ்சியது நானும் அவனும்தான்.

அந்த நாட்களில் யார்தான் தூங்கினார்கள்? ஹைவேஸில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால், எந்த ஊர் முனையில் நின்றது என்று யோசித்துக்கொண்டு கிடப்போம். பக்கத்துத் தோட்டத்து பஸ் டிரைவர் பஸ் ஓடாததால் பகலெல்லாம் தூங்கிவிட்டு, ராத்திரியெல்லாம் வரப்பில் நடந்துகொண்டிருப்பார். உன் அத்தை மகள் மொபைலில் பாடம் படிக்கிறேன் என்று விடியும்வரை விழித்துக் கிடந்தாள். உன் பெரிய மாமா மணிக்கொரு தரம் எழுந்துபோய், வாசனை தெரிகிறதா என்று காப்பித்தூள் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு வந்து படுப்பாராம். நோய் போயும் தூக்கம் திரும்பவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி. ஆனால் மற்றவர்களுக்குப் பயமும் துக்கமும்தான் இருந்தன. எனக்கு ஒரு ஆள் இருந்தான், கண்ணை மூடினால் முகம் தெரிகிற ஆள்.

அது பட்டப்பகலில் நடந்தது. ஆறாவது நாள், அக்னி நட்சத்திர வெயில். மூன்று நாட்களாக நான் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கியிருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சேலம் போன முருகேசன், அன்று மத்தியானம்தான் சிலிண்டர்களோடு திரும்பி வந்தான். புதிதாக ஒன்றை மாட்டினோம். அவன் சாப்பிட்டு எழுந்து, "நீங்க போயிப் படுங்க நங்கையா. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. நான் பாத்துக்கறேன்" என்றான்.

"முள்ளைப் பாத்துட்டே இரு முருகேசா. அஞ்சு மணிக்குள்ள மாத்தோணும்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? போங்க."

நான் அடுத்த அறையில் வெறுந்தரையில் படுத்தேன். கோழிகள் கத்தித்தான் எழுந்தேன். சாயங்காலத் தீவனம் தவறினால் எல்லாம் சேர்ந்து கத்தும். கடிகாரத்தில் ஆறே கால். உள்ளே போனால், உன் அப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. கால்மாட்டில் நாற்காலியில் முருகேசன், தலை நெஞ்சில் தொங்க, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நிரம்பிய சிலிண்டர் ஒன்று அவன் முழங்காலில் சாய்ந்து நின்றது. நான் அவனை அறைந்தேன். எத்தனை அறை என்று தெரியாது. அவன் எழுந்து அண்ணனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு அசந்துருச்சுங்க நங்கையா, கண்ணு அசந்துருச்சுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சுடுகாட்டுக்கு நான்கே பேர் போனார்கள். நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். "எங்கப்பா மூச்சுக்குத் தவிக்கறப்ப நீங்க தூங்கிட்டீங்களா சித்தப்பா?" என்று நீ கத்தியதும், அவன் அந்தப் போனைப் பார்த்துக் கும்பிட்டான். அதற்கப்புறம் ஒரு வருஷம் நீ அவனோடு பேசவில்லை. அந்தக் கேள்வியை உன் வாயில் போட்டவள் நான். பங்காளிகள், என் அண்ணன்மார், உன் அத்தைகள் என்று துக்கம் விசாரித்த ஒவ்வொருவரிடமும் 'தூங்கிட்டான்' என்ற ஒரு வார்த்தையைச் சொன்னேன். அது சொந்தம் முழுக்கச் சுற்றி வந்தது. பிற்பாடு யார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் துணைக்கு இருக்க அவனைக் கூப்பிட மாட்டார்கள். விசேஷ வீட்டில் சமையல்கட்டை நான் பார்த்துக்கிறேன் என்று அவன் முன்னால் வந்தால், "நீ தூங்கிருவே முருகேசா" என்று சிரிப்பார்கள். பக்கத்தில் நான் இருந்தால் நானும் சிரித்தேன்.

உன் அப்பாவுக்குத் தூக்கத்தின்மேல் ஒரு மரியாதை உண்டு. அதை நான் புரிந்துகொண்டதில்லை. உன்னை நாமக்கல் விடுதிப் பள்ளியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். விடியுமுன்னே எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார்கள். வாரம் ஒரு தடவை போனில் நீ வேறொன்றும் சொல்ல மாட்டாய், "அம்மா, தூக்கமா வருது" என்பாய். "பரீச்சை முடிஞ்சு தூங்கிக்கலாம் சாமி" என்பேன். ஒருநாள் உன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் வார்டனைப் பிடித்து, "ஏனுங்க சார், எங்க பண்ணைக் கோழிக்கே நாங்க எட்டு மணி நேரம் இருட்டுக் குடுக்கறோம். என்ற பையனுக்கு ஆறு மணி நேரம் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டு, உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்து இரண்டு நாள் தூங்க வைத்தார். அதற்காக நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர்தான் சரி, நான்தான் தவறு. இதை அவர் இருக்கும்போது சொல்லவில்லை. முட்டைக்காகக் கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டலாம். அடியோடு இருட்டே இல்லாமல் செய்தால் அவை ஒன்றையொன்று கொத்தத் தொடங்கிவிடும். இதெல்லாம் அவரிடம் கற்றுக்கொண்டது. கற்றதை அவர் தம்பியிடமே காட்டினேன்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் களத்தில் ஒரு கம்பம் நட்டு, பெரிய ஃபோகஸ் லைட் ஒன்றைப் போடச் சொன்னேன். முட்டை திருடு போகிறது, நாய்த் தொல்லை என்று காரணம் சொன்னேன். மேலே ஏறினவர், "ஏனுங்க்கா, இது நேரா அவிங்க படுக்கற ரூமு சன்னலுக்கில்ல அடிக்குது? கொஞ்சம் திருப்பட்டுங்களா?" என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அடுத்த மாதம் மக்காச்சோளம் அரைக்கும் மெஷினை முருகேசன் வீட்டுப் பின்சுவரை ஒட்டி மாற்றினேன். பகலில் ஓட்டினால் சூடாகிறது என்று ராத்திரியில் ஓட்டச் சொன்னேன். சன்னலில் அவன் போர்வை கட்டிக்கொண்டான். சத்தத்துக்குப் போர்வை கட்ட முடியாதே. பகலில் எங்கேயாவது சாய்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் ஆளை அனுப்பி, தண்ணீர் மோட்டாரைப் பார், கொட்டகை வலையைப் பார் என்று எழுப்பிவிடுவேன். ஒரு தடவைகூட அவன் ஏன் என்று கேட்கவில்லை. "வாரேனுங்க நங்கையா" என்று எழுந்து வருவான். காலையில் அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் அன்றைக்கு எனக்குக் காப்பி ருசித்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ருசித்தது.

உன் சித்தி ஒருநாள் வந்து கேட்டாள். "அக்கா, அந்த மெஷினைப் பகல்ல ஓட்டக் கூடாதுங்களா? அவரு ராத்திரி முச்சூடும் முழிச்சுட்டே கெடக்கறாரு."

"முழிச்சிருக்கட்டும். அன்னைக்கு ஒரு மத்தியானம் முழிச்சிருந்தாப் போதுமாயிருந்துச்சு. அதுக்குப் பதிலா இப்ப முழிச்சிருக்கட்டும்."

அவள் என்னையே பார்த்தாள். "இது வெளக்கு இல்லீங்க்கா. நீங்கதான் அந்தக் கம்பத்து மேல ஏறி உக்காந்துட்டு அவரைப் பாத்துட்டு இருக்கறீங்க" என்றாள். படிக்காதவள் என்று நான் நினைத்திருந்த பெண்.

இனி வருவதை உன்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் அப்பா போய் எட்டு மாதமிருக்கும். எனக்கு வறட்டு இருமல். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெடிக்கலில் போய்க் கேட்டேன். கடையில் இருந்த பெண் ஒரு சிரப் பாட்டிலை எடுத்து வைத்து, "ரெண்டு மூடி குடிங்கம்மா. குடிச்சா நல்லாத் தூக்கம் வரும். வண்டி கிண்டி ஓட்டிராதீங்க" என்றாள். பாட்டிலைக் கையில் எடுத்தேன். அதே பச்சை லேபிள். அந்த மத்தியானத்தில் நான் சொல்லாமல் விட்ட அரை மணி நேரம் அப்போதுதான் எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. முருகேசன் இருமிக்கொண்டே சாப்பிட்டான். உள்ளே கட்டிலில் கிடந்த உன் அப்பா கையை அசைத்துக் கூப்பிட்டு, "தம்பி இருமறான். மருந்து குடு" என்றார். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் அலமாரியில் இருந்த சிரப்பை எடுத்து மூடியில் ஊற்றி அவனிடம் கொடுத்தேன். ரெண்டு மூடி. 'இன்னும் கொஞ்சம் குடி, இருமி அண்ணனை எழுப்பாதே' என்று சொல்லி மூன்றாவது மூடியும் ஊற்றினேன். ஒன்றரை நாள் கண் மூடாமல் வண்டி ஓட்டி, வெயிலில் நின்று வந்தவனுக்குத் தூக்க மருந்தைக் கொடுத்து, முள்ளைப் பார்த்துக்கொள் என்று உட்கார வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவள் நான்.

இதைப் படிக்கும்போது, அன்றோடு அம்மா லைட்டை அணைத்திருப்பாள் என்று நீ நினைப்பாய். வீட்டுக்கு வந்தேன். சிரப்பைக் கிணற்றுமேட்டில் கொட்டினேன். அன்றைக்கு ராத்திரி அரவை மெஷினை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொன்னேன். அடுத்த நாளும் அப்படித்தான். ஏன் என்று என்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவன் மேல் குற்றம் இல்லையென்று ஆகிவிட்டால் அது என் தலையில் வந்து உட்காரும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அவனை இன்னும் பலமாக வெறுத்தேன். முதல் எட்டு மாதம் நான் அவனை வெறுத்தது கோபத்தில். அதற்கப்புறம் வந்த வருஷங்களில் வெறுத்தது பயத்தில். பயத்தில் வருகிற வெறுப்புக்கு அலுப்பே கிடையாது, சாமி.

போன வருஷம் ஐப்பசியில் ஏற்காட்டுக்கு முட்டை போட்டுவிட்டு அவன் இறங்கி வந்தான். மலைப்பாதை வளைவுகளையெல்லாம் ஒழுங்காகக் கடந்து வந்தவன், கீழே கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சமதரையைப் பார்த்ததும் ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டான். வண்டி புளியமரத்தில் மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாய் குறுக்கே வந்தது என்று போலீஸ்காரரிடமும் எல்லாரிடமும் சொன்னான். உன்னிடமும் அதைத்தான் சொன்னோம். எனக்குப் போன் வந்தபோது மத்தியானம் மூன்று மணி. உயிருக்கு ஒன்றும் இல்லை, கால்தான் என்று சொன்னார்கள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? தட்டுப் போட்டுச் சாப்பிட்டாள். ரசம் ஊற்றி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். விளக்கு வைக்குமுன் படுத்தவள் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தாள். உன் அப்பா போன நாளிலிருந்து நான் தூங்கிய ஒரே முழுத் தூக்கம் அதுதான். ஒருத்தன் கால் முறிந்த சந்தோஷத்தில் தூங்கினேன். எழுந்து பார்த்தபோது களத்தில் ஃபோகஸ் லைட் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்த உன் சித்தி, தொரட்டியால் அடித்து நொறுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்கும் நான் விழிக்கவில்லை.

மூன்றாவது நாள் சேலம் போனேன், பழைய லைட்டைவிடப் பெரிதாக ஒன்று வாங்க. வாங்கிக்கொண்டு, ஊர் வாய்க்காக ஆஸ்பத்திரிக்கும் போனேன். சித்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்குப் போட்ட ஊசியாக இருக்கும், நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பத்தாவது படித்த முருகேசன் மாதிரி இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வாரேனுங்க நங்கையா," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான். அப்புறம் திறந்து, காலைப் பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று புரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படு. நாயி குறுக்க வந்துச்சா?"

"இல்லீங்க. தூங்கிட்டனுங்க."

"மறுபடியும்."

"ஆமாங்க. மறுபடியும்."

அந்தப் பதிலில் துளி கோபம் இருந்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இல்லாததால் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் உனக்கு ஒரு மருந்து ஊத்துனேன். ஞாபகம் இருக்குதா?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இருக்குதுங்க."

"அது தூக்க மருந்துன்னு தெரியுமா?"

"அன்னைக்குத் தெரியாதுங்க. காரியத்துக்கு வந்தப்ப அலமாரியில பாட்டிலைப் பாத்தேன். மெடிக்கல்ல காட்டிக் கேட்டேன். அப்பறம் இருந்த எடத்துலயே வச்சுட்டேன்."

"ஏன் சொல்லுல? இத்தனை வருசமா நான் உன்னைத் தூங்க விடுல. ஊரு சிரிச்சுது. என்ற பையன் உன்னைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டான். ஏன் முருகேசா சொல்லுல?"

"சொன்னா நீங்க செத்துப் போயிருவீங்க நங்கையா. எனக்கு ஊட்டுல அவ இருக்கறா, கொழந்தை இருக்குது. தாங்கிக்குவேன். உங்களுக்கு எங்கண்ணன் இல்லை, பையன் கனடாவுல. நீங்க யாரைப் பாத்துத் தாங்குவீங்க?" என்றான். அப்புறம், "லைட்டைப் பத்தி வருத்தப்படாதீங்க. லைட்டு இல்லீன்னாலும் நான் தூங்கறதில்லை. கண்ணை மூடுனா சிலிண்டர் முள்ளுதான் தெரியுது" என்றான்.

நான் அழுதேன், அவன் காலைப் பிடித்தேன் என்றெல்லாம் நீ எதிர்பார்க்கலாம். எனக்கு வந்தது ஆத்திரம். நான் அவனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த வருஷங்களில், அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். என் லைட்டையும் மெஷினையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான். கேட்காமல் ஒருவர் நமக்குச் செய்கிற தயவைப்போல அவமானம் வேறில்லை. எழுந்து வந்துவிட்டேன். வாங்கிய லைட்டை வந்த வழியில் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் மெஷினைப் பழைய இடத்துக்கு மாற்றினேன். இரக்கத்தால் அல்ல. ஒத்துக்கொண்டு வாங்குகிறவனை அடிப்பதில் என்ன இருக்கிறது?

உனக்குக் கல்யாணம். அதற்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உன் பெண்டாட்டி களைப்பாக இருக்கிறது என்றால் உடனே நம்பு, காரணம் கேட்காதே. அவள்மேல் கோபம் வந்தால் அன்றைக்கே கத்திவிடு, மறுநாளைக்கு வைக்காதே. ஒருத்தரைத் தண்டிக்கும் வேலையைக் கையில் எடுத்தால் அதற்கு லீவு கிடையாது. நீ தூங்கப் போனாலும் அது உன்னோடு படுக்கும். இதையெல்லாம் சொல்கிற நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அவன் தூங்கியதை நான் மன்னிக்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்ததை அதைவிட மன்னிக்கவில்லை. நீ மன்னித்துவிட்டேன் என்கிறாயே, அதைத்தான் தவறு என்கிறேன். மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது? நீ அவனிடம் கேட்க வேண்டியது மன்னிப்பு. அதையும் போனில் கேட்காதே. வந்து, நேரில் கேள்.

மணவறையில் அவனும் சித்தியும் உட்காரட்டும். அவனால் இன்னும் காலை மடக்க முடியாது, முக்காலி போடச் சொல். நானும் வருவேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும்போது, என் அண்ணன்மார், உன் அத்தைகள், 'நீ தூங்கிருவே முருகேசா' என்று சிரித்த அத்தனை பேர் முன்னாலும் இந்தக் கடிதத்தை நீ சத்தமாகப் படிக்க வேண்டும். மூன்றாவது மூடி உட்பட, ஒரு வரி விடாமல். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். யார் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இன்று காலை இதை எடுத்துக்கொண்டு களத்தைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நாங்கள் பேசினோம். சித்தியையும் உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். சித்தி அழுதுகொண்டே உள்ளே எழுந்து போய்விட்டாள். முருகேசன் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றான். "கிழிச்சுப் போடுங்க நங்கையா. பையன் உங்களை வெறுத்துருவான். அவனுக்குத் தெரியவே வேண்டாமுங்க. நான் தூங்குனவனாவே இருந்துட்டுப் போறேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றான். கைத்தடியை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று உண்மையாகவே கும்பிட்டான்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதையும் நான் கொடுக்கப் போவதில்லை. நாளைக் காலை நாமக்கல் போய், இந்தக் கடிதத்தை என் கையாலேயே உனக்கு அனுப்புகிறேன்.

அம்மா